என்டிஎம் கிருமிக்கு இரண்டு மருந்து சேர்ந்தால் கேட்குமா? நம் லேபுக்கு எந்தச் சோதனை சரி

ரத்தக் கல்ச்சரில் கிளெப்சியெல்லா நிமோனியே என்கிற பாக்டீரியா. எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டில் மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர், அதாவது ரெசிஸ்டன்ட், கேட்காது. மெரோபெனெம் ஆர், அமிக்காசின் ஆர், சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். மத்தியானம் ஐசியுவிலிருந்து போன்: "மேடம், செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் அஸ்ட்ரியோனாமும் சேர்த்து ஆரம்பிச்சிட்டேன். ரெண்டும் சேர்ந்தா கேட்குமான்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் லேபிலிருந்து ரொம்ப நாளாக நேரான பதில் போனதில்லை. தனித்தனியாக இரண்டுமே ரெசிஸ்டன்ட் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவோம். அது உண்மைதான், ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. தமிழ்நாட்டில் உள்ள ஒரு நடுத்தர மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி பிரிவு எங்களுடையது. இரண்டு டெக்னீஷியன்கள், ஒரு இன்குபேட்டர், ஒரு தானியங்கி சென்சிடிவிட்டி மெஷின், அவ்வளவுதான். இந்த வசதிக்குள் கூட்டு மருந்துச் சோதனை ஒன்றை அன்றாட வேலையாகவே சேர்க்க வேண்டும் என்று தீர்மானித்தபோது, எதைச் சேர்ப்பது என்று தேட ஆரம்பித்தேன். செக்கர்போர்டு, டைம்-கில், ஸ்ட்ரிப், டிஸ்க் அருகமைவு, பிராத் டிஸ்க் எல்யூஷன் என ஐந்து வழிகள் இருக்கின்றன. ஐந்தும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாகத்தான் முதலில் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எங்களைப் போன்ற லேபில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால், பார்த்ததையும் யோசித்ததையும் எழுதுகிறேன்.

ஏன் இந்த ஜோடி?

என்டிஎம் (நியூ டெல்லி மெட்டாலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்கிற, மருந்தை அழிக்கும் நொதி முதலில் பதிவானது 2009-ல். டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் எடுத்த கிளெப்சியெல்லாவில் அதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் என்டிஎம் உள்ள 44 கிருமிகள் இருந்தன, ஹரியானாவிலிருந்து 26. ஆக, இது எங்கோ இருக்கிற பிரச்சினை இல்லை. பெயர் டெல்லியுடையதாக இருந்தாலும், ஆரம்பத்திலிருந்தே நம் ஊர் லேப்களின் பிரச்சினை.

இந்த நொதிக்கு வேலை செய்யத் துத்தநாகம் வேண்டும். பெனிசிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனெம் எல்லாவற்றையும் அது அறுத்துப் போட்டுவிடும். அஸ்ட்ரியோனாமை மட்டும் அதனால் அறுக்க முடியாது. சரி, அப்படியானால் அஸ்ட்ரியோனாமையே தனியாகக் கொடுத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். என்டிஎம் வைத்திருக்கும் கிருமி பெரும்பாலும் தனியாக வருவதில்லை. சிடிஎக்ஸ்-எம்-15 போன்ற ஈஎஸ்பிஎல் நொதிகளையோ, ஆம்ப்-சி வகை நொதிகளையோ சேர்த்தே கொண்டு வருகிறது. அஸ்ட்ரியோனாமை அவை அறுத்துவிடும். அவிபாக்டம் அந்த இரண்டாம் கூட்டத்தைக் கட்டிப்போடும், ஆனால் என்டிஎம்மைத் தொடாது. அவிபாக்டம் கட்டிப்போட, அஸ்ட்ரியோனாம் உள்ளே போய் வேலையை முடிக்கிறது. கூட வரும் செஃப்டாசிடிமை என்டிஎம் அழித்துவிடும், அதனிடம் பெரிதாக எதிர்பார்க்க ஒன்றுமில்லை. அவிபாக்டம் தனியாகக் கிடைக்காததால் செஃப்டாசிடிமோடு சேர்த்து வாங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது வெறும் கணக்கு இல்லை. 2021-ல் இத்தாலியிலும் கிரீஸிலும், இந்த வகை நொதியுள்ள கிருமிகளால் ரத்தத் தொற்று வந்த 102 பேரைத் தொடர்ந்து பார்த்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்த ஜோடி கொடுக்கப்பட்டவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 19.2 சதவீதம். வேறு மருந்துகள் கொடுக்கப்பட்டவர்களில் 44 சதவீதம். நோயாளிகளைக் குலுக்கிப்போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டாலும், இந்த இடைவெளி சின்னது இல்லை.

அப்படியானால் சோதனை எதற்கு, என்டிஎம் என்று தெரிந்தாலே ஜோடியைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது நம் நாட்டு இ.கோலைதான். அஸ்ட்ரியோனாம் போய் ஒட்ட வேண்டிய இடம் பிபிபி-3 என்கிற புரதம். இந்தியாவில் எடுக்கப்படும் என்டிஎம் இ.கோலைகளில் பலவற்றில் அந்தப் புரதத்துக்குள் நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கின்றன. ஒட்டும் இடமே மாறிவிடுவதால், அவிபாக்டம் எவ்வளவு நன்றாகக் கட்டிப்போட்டாலும் அஸ்ட்ரியோனாமின் பலம் குறைகிறது. ஐரோப்பிய ஆய்வைப் படித்துவிட்டு இங்கே கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். ஆகவே சோதனை வேண்டும், அதுவும் ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியாக.

செக்கர்போர்டு: கணக்கு அழகு, பதில் வேறு

கூட்டு மருந்துச் சோதனை என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பட்டமேற்படிப்பு ஆய்வேடு எழுதியவர்கள் பலர் இதைச் செய்திருப்பார்கள். 96 குழிகள் உள்ள தட்டு. ஒரு மருந்தைக் குறுக்குவாட்டிலும் இன்னொன்றை நெடுக்குவாட்டிலும் இரண்டிரண்டு மடங்காகக் குறைத்துக்கொண்டே போய், ஒவ்வொரு குழியிலும் ஒரு தனிக் கலவை இருக்கும்படி செய்ய வேண்டும். கிருமியைச் சேர்த்து ஒரு நாள் வைத்து, எந்தக் குழியில் வளரவில்லை என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மருந்தின் எம்ஐசியும் (கிருமியை வளரவிடாமல் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) கூட்டில் எவ்வளவு குறைந்தது என்ற விகிதத்தை எடுத்து, இரண்டு விகிதங்களையும் கூட்டினால் எஃப்ஐசி குறியீடு கிடைக்கும். 0.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சினர்ஜி, அதாவது இரண்டும் ஒன்றுக்கொன்று பலம் கூட்டுகின்றன. 4-க்கு மேல் போனால் ஒன்றையொன்று கெடுக்கின்றன. இடையில் இருந்தால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

இந்தக் குறியீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறும் இடம் இது. ஒரு கிருமிக்குக் கொலிஸ்டின் என்கிற மருந்தின் எம்ஐசி மில்லிக்கு 32 மைக்ரோகிராம், மெரோபெனெம் எம்ஐசி 128 என்று வைத்துக்கொள்வோம். சேர்த்துப் பார்த்தால் கொலிஸ்டின் 8-க்கும் மெரோபெனெம் 32-க்கும் இறங்குகின்றன. விகிதம் 0.25-உம் 0.25-உம், கூட்டினால் 0.5. ரிப்போர்ட்டில் சினர்ஜி என்று எழுதலாம், ஆய்விதழில் நல்ல படமும் போடலாம். ஆனால் நோயாளியின் ரத்தத்தில் கொலிஸ்டினைச் சராசரியாக மில்லிக்கு 2 மைக்ரோகிராம் அளவுக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே சிறுநீரகம் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும். 8 எட்டாத உயரம், மெரோபெனெமை 32-க்கு மேல் நீண்ட நேரம் நிறுத்தி வைப்பதும் கடினம். காகிதத்தில் சினர்ஜி இருக்கிறது, கட்டிலில் ஒன்றும் இல்லை.

தலைகீழாகவும் நடக்கும். எம்ஐசி அளவீட்டிலேயே ஒரு படி மேலே கீழே போவது சாதாரணம், எந்த லேபிலும் அது பிழையாகக் கருதப்படுவதில்லை. இரண்டு மருந்துக்கும் அப்படி ஒரு படி நகர்ந்தால் குறியீடு 0.5-லிருந்து 1-க்குப் போய்விடும். நேற்று சினர்ஜி என்று சொன்ன அதே கிருமிக்கு இன்று இல்லை என்று சொல்ல நேரும். அப்புறம், எம்ஐசி தட்டின் எல்லையையே தாண்டிப் போய்விட்டால் விகிதம் எடுக்க எண்ணே கிடையாது. கடுமையான ரெசிஸ்டன்ஸ் உள்ள கிருமிகளில்தான் இது அதிகம் நடக்கிறது, நமக்குச் சோதனை தேவைப்படுவதும் அவற்றுக்குத்தான்.

உழைப்பும் கொஞ்சநஞ்சமில்லை. மருந்துப் பொடியை எடை போட்டு, கரைத்து, நீர்த்து, பைப்பெட்டால் குழி குழியாக நிரப்ப வேண்டும். கையால் செய்தால் அரை நாள் அதற்கே போய்விடும், ஒரு தட்டுக்கு ஒரு ஜோடிதான். மைக்ரோலிட்டர் துளிகளை அச்சு இயந்திரம்போல் தெளித்துத் தட்டை நிரப்பும் கருவிகள் வெளிநாட்டு ஆய்வகங்களில் வந்துவிட்டன. அந்த வசதி இருந்தால் உழைப்பு குறையும், ஆனால் குறியீட்டின் குறை அப்படியேதான் இருக்கும். ஒரு புது மருந்து ஜோடியை நூறு கிருமிகளில் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்குச் செக்கர்போர்டு நல்ல கருவி. நாளைக்குக் காலையில் ஒரு நோயாளிக்குப் பதில் சொல்ல இது வேண்டாம்.

டைம்-கில்: உண்மையை நெருங்கிப் பார்க்கும் வழி

எனக்கு மனதளவில் ரொம்பப் பிடித்தது இதுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மற்ற எல்லாச் சோதனைகளும் ஒரே ஒரு முறை, கடைசியில் பார்த்து, வளர்ந்ததா இல்லையா என்று கேட்கின்றன. டைம்-கில் மட்டும்தான் இடையில் என்ன நடந்தது என்று கேட்கிறது. மில்லிக்கு ஏறக்குறைய 5 லட்சம் கிருமிகளோடு ஆரம்பித்து, மருந்து தனியாக, மருந்து சேர்த்து, மருந்தே இல்லாமல் எனப் பல குடுவைகள். 0, 2, 4, 8, 24 மணி என்று ஒவ்வொரு நேரத்திலும் கொஞ்சம் எடுத்து, நீர்த்து, பிளேட்டில் பரப்பி, மறுநாள் காலனிகளை எண்ண வேண்டும். தனி மருந்துகளில் நன்றாக வேலை செய்ததைவிடக் கூட்டு மருந்து 24 மணி நேரத்தில் கிருமியை இன்னும் நூறு மடங்கு குறைத்திருந்தால் சினர்ஜி. ஆரம்ப எண்ணிக்கையிலிருந்து ஆயிரம் மடங்கு குறைந்திருந்தால், வளர்ச்சியை நிறுத்துவது மட்டுமில்லை, கிருமியையே கொல்கிறது என்று அர்த்தம்.

கொலிஸ்டினைத் தனியாகப் போட்டு இந்தச் சோதனையை ஒரு முறை செய்து பார்த்தவர்கள் அந்தக் கோட்டை மறக்க மாட்டார்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் எண்ணிக்கை செங்குத்தாக விழும், நோயாளி பிழைத்துவிட்டார் என்று நினைக்கும் அளவுக்கு. 24 மணிக்கு எண்ணினால் பழைய உயரத்துக்கே ஏறி நிற்கும். கூட்டத்துக்குள் ஏற்கெனவே சில கிருமிகள் கொலிஸ்டினைத் தாங்கும் தன்மையோடு ஒளிந்திருந்து, மற்றவை செத்த பிறகு அந்த இடத்தை நிரப்புகின்றன. எம்ஐசி எண் இதைக் காட்டாது. இரண்டாவது மருந்து சேரும்போது அந்த மறுவளர்ச்சி நிற்கிறதா என்பதை டைம்-கில் காட்டும்.

ஆனால் இரவு பதினோரு மணிக்கு யார் வந்து பிளேட் போடுவது? ஒரு கிருமிக்கு முப்பது நாற்பது பிளேட்டுகள், பதில் வர மூன்று நாள். அதற்குள் ஐசியுவில் முடிவு எடுக்கப்பட்டுவிடும். பட்டமேற்படிப்பு மாணவர்கள் இருக்கும் கல்லூரிகள் ஆய்வுக்காகச் செய்யட்டும், கட்டாயம் செய்யட்டும். எங்களால் முடியாது.

ஸ்ட்ரிப்

மருந்து படிப்படியாகக் குறையும்படி பூசப்பட்ட பிளாஸ்டிக் அல்லது காகிதப் பட்டைகள். கூட்டு மருந்துக்கு இதை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, இரண்டு பட்டைகளையும் அவற்றின் எம்ஐசி அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி சிலுவைபோல வைப்பது. இரண்டாவது, ஒரு பட்டையை வைத்து மருந்து அகாரில் (கிருமி வளர்க்கும் ஜெல்லித் தளம்) இறங்கிய பிறகு எடுத்துவிட்டு, அதே தடத்தில் இன்னொரு பட்டையை வைப்பது. நம் ஜோடிக்கு இரண்டாவது முறைதான் பொருத்தம். செஃப்டாசிடிம்-அவிபாக்டம் பட்டையில் செஃப்டாசிடிம் மட்டும்தான் ஏறி இறங்கும், அவிபாக்டம் நெடுக 4 மைக்ரோகிராம் என்றே இருக்கும். ஆக, அதே தடத்தில் அஸ்ட்ரியோனாம் பட்டையை வைத்தால், அவிபாக்டம் கூட இருக்கும்போது அஸ்ட்ரியோனாமின் எம்ஐசி எவ்வளவு என்று ஓர் எண்ணாகவே கிடைக்கிறது. ஐந்து வழிகளில், ஐசியு டாக்டருக்குப் புரியும் மொழியில் எண் சொல்வது இதுதான். அதை மறுக்க முடியாது.

எங்கள் லேபில் இதைத்தான் முதலில் ஆரம்பித்தோம், தடுமாறியதும் இதில்தான். சிலுவை முறையில் ஒரே பிளேட்டை இரண்டு டெக்னீஷியன்களும் நானும் தனித்தனியாகப் படித்தோம், மூன்று பேருக்கும் மூன்று எண். பட்டையை வைக்கும்போது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் போதும், கிருமி வளராத வட்டத்தின் ஓரம் எங்கே பட்டையைத் தொடுகிறது என்பதில் சண்டை வந்துவிடும். தட முறையில் சண்டை குறைந்தது. ஆனால் முதல் பட்டையை எடுக்கும்போது அகார் கொஞ்சம் பிய்ந்து வந்த நாளும் உண்டு, எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி செய்த நாளும் உண்டு. ஒரு கிருமிக்கு இரண்டு பட்டை வேண்டும், தனித்தனி எம்ஐசியும் வேண்டுமென்றால் நான்கு. விலையை நினைத்தாலே டெக்னீஷியனுக்குக் கை நடுங்குகிறது, கை நடுங்கினால் பட்டை நகர்கிறது.

கொலிஸ்டின் பட்டையை மட்டும் இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. கொலிஸ்டின் மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது. பட்டையும் டிஸ்க்கும் (மருந்து தோய்ந்த காகித வட்டு) கொலிஸ்டினுக்கு நம்பத்தக்கவை இல்லை, மருந்தைத் திரவத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைல்யூஷன்தான் செய்ய வேண்டும் என்று, சோதனை விதிகளை வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ, ஐரோப்பாவின் யூகாஸ்ட் இரண்டும் சேர்ந்தே 2016-ல் சொல்லிவிட்டன. இன்றும் கொலிஸ்டின் பட்டையைச் சிலுவையாக வைத்துச் சினர்ஜி ரிப்போர்ட் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன என்று கேள்விப்படும்போது வருத்தமாக இருக்கிறது.

டிஸ்க் அருகமைவு

அஸ்ட்ரியோனாம் டிஸ்க் ஒன்று, அதன் பக்கத்திலேயே செஃப்டாசிடிம்-அவிபாக்டம் டிஸ்க் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் வட்டம் ஒரு பக்கமாகப் பிதுங்கினால் கூட்டு வேலை செய்கிறது என்று பொருள். கையிலிருக்கும் டிஸ்க்கே போதும், கூடுதலாக எதுவும் வேண்டாம். பிதுங்கியது தெளிவாகத் தெரிந்தால் நம்பலாம். தெரியாவிட்டால் என்ன அர்த்தம் என்பதுதான் சொல்ல முடியாது. டிஸ்க்குகளுக்கு இடையே கொஞ்சம் தூரம் கூடியிருந்தாலும் பிதுக்கம் காணாமல் போகும். ஆமாம் என்ற பதிலை மட்டும் சொல்லத் தெரிந்த சோதனை, இல்லை என்ற பதில் உயிரைத் தீர்மானிக்கும் இடத்தில் போதாது.

பிராத் டிஸ்க் எல்யூஷன்: நாங்கள் தேர்ந்தது

பெயர்தான் பெரிது. டிஸ்க்கை அகார்மேல் வைப்பதற்குப் பதிலாக பிராத் என்கிற வளர்ப்புத் திரவத்துக்குள் போட்டு மருந்தைக் கரைய விடுவது, அவ்வளவே. சிஎல்எஸ்ஐ இதைத் தன் எம்100 வழிகாட்டியில் இந்த ஜோடிக்கென்றே சேர்த்திருக்கிறது. எங்கள் முடிவுக்கு அதுவே ஒரு பெரிய காரணம். நாளைக்கு யாராவது வந்து எந்த விதிப்படி இந்த ரிப்போர்ட் கொடுத்தாய் என்று கேட்டால் காட்டப் புத்தகம் இருக்கிறது.

நான்கு ட்யூப்கள். ஒவ்வொன்றிலும் 5 மில்லி கேட்டயான் சரிசெய்த முல்லர்-ஹின்டன் பிராத். முதல் ட்யூபில் 30 மைக்ரோகிராம் அஸ்ட்ரியோனாம் டிஸ்க். இரண்டாவதில் 30/20 செஃப்டாசிடிம்-அவிபாக்டம் டிஸ்க். மூன்றாவதில் இரண்டும். நான்காவதில் எதுவும் இல்லை, அது கிருமி ஒழுங்காக வளர்கிறதா என்று பார்க்க. அரை மணி நேரத்துக்குக் குறையாமல், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் டிஸ்க்குகளை ஊற விட வேண்டும். அப்புறம் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கல் அளவுகோல்) அளவுக்குக் கலக்கிய கிருமிக் கரைசலில் 25 மைக்ரோலிட்டர் ஒவ்வொன்றிலும் சேர்த்து, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி இன்குபேட்டரில் வைத்தால் மறுநாள் காலை பதில். கலங்கியிருந்தால் வளர்ந்திருக்கிறது. தெளிவாக இருந்தால் கேட்கிறது.

இந்த எண்கள் சும்மா வந்தவை இல்லை. 30 மைக்ரோகிராமை 5 மில்லியில் கரைத்தால் மில்லிக்கு 6. அவிபாக்டம் 20-ஐ 5-ஆல் வகுத்தால் மில்லிக்கு 4. எம்ஐசி சோதனைகளில் எங்கும் பயன்படுத்தும் அதே அளவுதான். அஸ்ட்ரியோனாமுக்கான சென்சிட்டிவ் எல்லை 4, அதற்குப் பக்கத்தில் நிற்கிறது 6. செக்கர்போர்டு எத்தனை மடங்கு குறைந்தது என்று கேட்கிறது. இந்த ட்யூப், நோயாளிக்கு எட்டக்கூடிய அளவில் கிருமி நிற்கிறதா என்று கேட்கிறது. போனில் ஐசியு டாக்டர் கேட்டதும் இதைத்தான். நான் இதைத் தேர்ந்ததற்கு ஒரே வரியில் காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. முதலாவது டிஸ்க். ஐரோப்பிய யூகாஸ்ட் முறைக்கான செஃப்டாசிடிம்-அவிபாக்டம் டிஸ்க் 10/4. அதை 5 மில்லியில் போட்டால் அவிபாக்டம் மில்லிக்கு 0.8-தான். கட்டிப்போட ஆள் போதாது, கேட்கும் கிருமியையும் கேட்காது என்று சொல்லிவிடுவோம். எங்களுக்கு ஒரு முறை ஆர்டர் மாறி 10/4 டிஸ்க் வந்து, பெட்டிமேல் இருந்த எழுத்தைப் பார்க்காமல் ஒரு வாரம் அதையே போட்டுவிட்டோம். கட்டுப்பாட்டுக் கிருமி காட்டிக்கொடுத்தது. என்டிஎம்-1 உள்ள ஏடிசிசி பிஏஏ-2146 கிளெப்சியெல்லா முதல் இரண்டு ட்யூப்களிலும் வளர வேண்டும், மூன்றாவதில் வளரக்கூடாது. மூன்றாவதும் கலங்கி நின்றபோதுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். அந்த வாரத்து ரிப்போர்ட்டுகளைத் திரும்ப எடுத்து, வார்டுகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து சொன்னேன். கட்டுப்பாட்டுக் கிருமி இல்லாமல் இந்தச் சோதனையை யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

இரண்டாவது, கிருமி. கிளெப்சியெல்லா, இ.கோலை போன்றவை அடங்கிய என்டரோபாக்டரேல்ஸ் வரிசைக்கும் ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் என்கிற கிருமிக்கும்தான் இந்தச் சோதனை. அசினெட்டோபாக்டருக்குப் போடக்கூடாது, அஸ்ட்ரியோனாம் அதற்கு இயல்பாகவே கேட்காது. ஐசியுவில் அசினெட்டோபாக்டர்தான் அதிகம் வருகிறது, அதனால் இந்தச் சோதனைக்கு வரும் கோரிக்கைகளில் ஒரு பங்கை மறுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, எண் கிடைக்காது. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். இ.கோலையில் பிபிபி-3 மாற்றம் இருந்து எம்ஐசி எல்லையோரத்தில் நிற்கும்போது, ட்யூப் தெளிவா கலங்கலா என்று சந்தேகம் வரும் நாட்கள் உண்டு. அப்படி வரும் இ.கோலைக்கு மட்டும் தட முறை ஸ்ட்ரிப்பையும் போட்டு எண்ணைப் பார்க்கிறோம். ஸ்ட்ரிப்பை முழுசாகக் கைவிடாததற்குக் காரணம் இதுதான்.

கொலிஸ்டின் கூட்டுக்கு என்ன செய்வது?

இந்த ஒப்பீட்டில் நான் ஒரு சோதனையையும் தேர்ந்தெடுக்காத இடம் இது. கொலிஸ்டினோடு மெரோபெனெமைச் சேர்த்தால் லேபில் சினர்ஜி அடிக்கடி தெரியும். அதை நம்பிக் கோடிக்கணக்கான ரூபாய்க்கு மெரோபெனெம் கொட்டப்பட்டிருக்கிறது. 2018-ல் வெளிவந்த எய்டா சோதனையில் இஸ்ரேல், கிரீஸ், இத்தாலியில் 406 நோயாளிகளைக் குலுக்கிப்போட்டுப் பிரித்தார்கள். கொலிஸ்டின் மட்டும் பெற்றவர்களில் சிகிச்சை தோற்றது 79 சதவீதம், மெரோபெனெமும் சேர்த்துப் பெற்றவர்களில் 73 சதவீதம், புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. 2023-ல் வந்த ஓவர்கம் சோதனையிலும் இறப்பு அதே வரிசையில் 43 சதவீதமும் 37 சதவீதமும், அங்கேயும் கோடு தாண்டவில்லை. இரண்டிலும் பெரும்பாலான கிருமிகள் அசினெட்டோபாக்டர் என்பதால், கிளெப்சியெல்லாவுக்கு இது கடைசி வார்த்தை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எய்டா குழு இன்னொன்றும் செய்தது: நோயாளிகளின் கிருமிகளைச் செக்கர்போர்டில் போட்டு, சினர்ஜி தெரிந்தவர்களுக்காவது கூட்டு மருந்து கூடுதலாக உதவியதா என்று பார்த்தது. உதவவில்லை.

இதற்கு முன்னாலும் ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. 2005-ல் லான்செட்டில் வந்த கனடிய ஆய்வு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலைத் தாக்கும் பரம்பரை நோய்) நோயாளிகள் 132 பேரிடம் செய்தது. பல மருந்துகளைக் கூட்டாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்த சிகிச்சையையும் வழக்கமான சோதனையை வைத்துக் கொடுத்த சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். அடுத்த முறை நோய் முற்றுவதற்கு ஆன காலத்தில் மாற்றம் இல்லை. அத்தனை உழைப்புக்குப் பிறகும்.

அதனால் கொலிஸ்டின் ஜோடிக்கு எங்கள் லேபில் சினர்ஜி சோதனை இல்லை என்று முடிவு செய்தோம். கொலிஸ்டின் எம்ஐசியைச் சரியாகப் போட்டுச் சொல்கிறோம், அதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு சோதனையைச் செய்ய முடிகிறது என்பதற்காகவே செய்தால், அந்த ரிப்போர்ட் வார்டில் ஒரு மருந்தாக மாறிவிடும், மருந்தோ ஒரு சிறுநீரகத்தில் போய் முடியும். அஸ்ட்ரியோனாம் ஜோடி இதிலிருந்து வேறுபடுவது எங்கே என்றால், அங்கே ஒரு மருந்து இன்னொன்றின் எதிரியைக் கட்டிப்போடுகிறது என்று காரணம் தெரியும், எட்டக்கூடிய அளவில் எம்ஐசி இறங்குகிறது, நோயாளிகளிடமும் பலன் தெரிந்திருக்கிறது. கொலிஸ்டின் ஜோடியில் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்கவில்லை.

இனி வரப்போவதையும் கணக்கில் எடுத்தோம். அஸ்ட்ரியோனாம்-அவிபாக்டம் ஒரே குப்பியில் வரும் மருந்துக்கு ஐரோப்பா 2024-லும் அமெரிக்கா 2025-லும் அனுமதி கொடுத்துவிட்டன. அந்தக் குப்பியும் அதற்கான டிஸ்க்கும் பட்டையும் நம் வார்டுக்கு வந்துவிட்டால் இந்த நான்கு ட்யூப்கள் தேவையில்லாமல் போகலாம், போனால் சந்தோஷம்தான். இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன்: சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட என்மெட்டாசோபாக்டம், செஃபெபிமோடு சேர்த்து 2024-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. நம் ஊரில் பிறந்த மருந்து என்பது பெருமை, ஆனால் அது ஈஎஸ்பிஎல்லுக்கானது. என்டிஎம்முக்குக் கேட்காது, அதை இந்த ஜோடிக்கு மாற்றாக யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது எங்கள் நடைமுறை இப்படி இருக்கிறது. ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் கிருமி வளர்ந்தது தெரிந்து, மறுநாள் பிளேட்டில் காலனி வந்ததும், கார்பபெனெமை அறுக்கும் நொதி (கார்பபெனெமேஸ்) எந்த வகை என்று சொல்லும் பதினைந்து நிமிடப் பட்டைச் சோதனையைப் போடுகிறோம். என்டிஎம் கோடு விழுந்தால், மெஷினில் சென்சிடிவிட்டி ஏற்றும் அதே நேரத்தில் நான்கு ட்யூப்களையும் வைத்துவிடுகிறோம். மெஷின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தால் ஒரு நாள் வீணாகும். மறுநாள் காலை எட்டரைக்கு ட்யூப்களை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பேர் பார்க்கிறோம், இருவரும் ஒத்துப்போனால்தான் ரிப்போர்ட்.

ரிப்போர்ட்டில் சினர்ஜி என்ற சொல் வராது. "அஸ்ட்ரியோனாமும் செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் சேர்ந்து: சென்சிட்டிவ். இரண்டும் ஒரே நேரத்தில் உடலில் ஓட வேண்டும்" என்று எழுதுகிறோம். அந்த இரண்டாவது வரியைச் சேர்த்தது ஒரு ஐசியு நர்ஸ் கேட்ட கேள்விக்குப் பிறகு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடலாமா சார் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார், அவர் என்னிடம் கேட்டார். ட்யூபில் இரண்டும் ஒன்றாகக் கரைந்திருந்ததால்தான் கிருமி வளரவில்லை, நரம்பில் இறங்கும்போதும் அப்படியே இறங்க வேண்டும் என்று சொன்னேன். அன்றைக்கே டிரிப் நேரத்தை மாற்றிவிட்டார்கள்.